முன்னணி வேறு, வெற்றி வேறு!

தருமபுரி வாசகிகளுக்கு 2024-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி மறந்திருக்காது. பாராளுமன்றத் தேர்தல் வாக்குகளை எண்ணிய நாள் அல்லவா? தொடக்கச் சுற்றுகளில் பா.ம.க. வேட்பாளர் சௌமியா அன்புமணி முன்னணியில் இருந்தார். எண்ணி முடித்தபோதோ, தி.மு.க. வேட்பாளர் ஆ. மணி 21 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜயித்திருந்தார்!

அன்றே மும்பைப் பங்குச் சந்தையிலும் எல்லாம் தலைகீழாயிற்று. முதல் நாள், ஜூன் 3-ஆம் தேதி, தேர்தல் கணிப்புகளை நம்பிச் சந்தை துள்ளிக் குதித்தது. 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் கொண்டு கணக்கிடும் சென்செக்ஸ் ஒரே நாளில் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள்? 4,389 புள்ளிகள் சரிந்தது!

“இப்படி ஏறினால் அது நிலைக்குமா என்று பார்க்க ஏதோ கணக்கு உண்டாமே?” என்று கேட்பீர்கள். உண்டு. அதில் ஒன்று ஆர்.எஸ்.ஐ. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-ல் வெளியிட்டது. சாதாரணமாக 14 நாட்களில் விலை ஏறிய அளவையும் இறங்கிய அளவையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போடும். 70-ஐத் தாண்டினால், ‘மட்டுக்கு மீறி வாங்கிவிட்டார்கள்’ என்பார்கள். இன்னொன்று 200 நாள் சராசரி விலை. இன்றைய விலை அதைவிட வெகு உயரத்தில் நின்றால், சற்று எச்சரிக்கை வேண்டும்.

ஆனால், 70-ஐத் தாண்டியதும் விலை இறங்கியே தீரும் என்பதில்லை. பலமான ஏற்றத்தில் வாரக் கணக்கில் அங்கேயே நிற்பதும் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் நடந்து முடிந்த விலைகளைக் கொண்டு போடுவதுதானே! தேர்தல் முன்னணியும் அப்படித்தான். எண்ணியதைச் சொல்லும், எண்ணாத இயந்திரத்தில் இருப்பதைச் சொல்லாது.

பின் அதனால் என்ன பயன்? நிதானம்தான் பயன். பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிறீர்களே, அந்த மாதிரி. ஏற்றத்தைக் கண்டு கையிலுள்ள தொகை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். தவணை தவணையாகப் போடுங்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஜூன் 7-ஆம் தேதியே சென்செக்ஸ், 3-ஆம் தேதி முடிந்த இடத்தைத் தாண்டிவிட்டது! 4-ஆம் தேதி பயந்து விற்றவர்கள் அதைப் பார்த்து எப்படித் தவித்திருப்பார்கள்! அந்தத் தடவை மூன்றே நாளில் மீண்டது. எப்போதும் அப்படி மீளும் என்று சொல்ல முடியாது. 1992-லும் 2008-லும் விழுந்த சந்தை அத்தனை சுருக்கில் எழுந்திருக்கவில்லை.

ஆகவே, காத்திருக்கக் கூடிய பணம் மட்டுமே சந்தைக்குப் போகலாம். பெண்ணின் காலேஜ் சம்பளமும், நகையை அடகு வைத்து வாங்கிய பணமும் அந்தப் பக்கமே போகக் கூடாது. நீங்கள் காத்திருந்தாலும், அடகுக் கடை வட்டி காத்திருக்காதே!