உங்களுக்குத் தெரியுமா? – மணலில் வாலிபால்

பீச் வாலிபாலில் அணிக்கு 2 பேர்தான். மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. 8 மீட்டருக்கு 8 மீட்டர் மணலை இருவரே காக்க வேண்டும். பாஸ் எடுப்பதில் யார் சுமார் என்று கண்டுபிடித்து, எதிரணி அவருக்கே சர்வீஸ் போட்டுக்கொண்டிருக்கும். அதனால், 'நான் ஸ்மாஷ் மட்டும் அடிப்பேன்' என்பவர் முதலில் பாஸ் பழக வேண்டும்.

அதற்கு நெட்கூட வேண்டாம். 'பெப்பர்' என்று ஒரு பயிற்சி. எதிரெதிரே இருவர். ஒருவர் அடிப்பார், மற்றவர் அதை எடுத்து அவருக்கே அனுப்புவார், அடித்தவர் இப்போது லிஃப்ட் கொடுப்பார், எடுத்தவர் அடிப்பார். பந்து கீழே விழாமல் இப்படியே தொடர வேண்டும். இந்த ஆட்டத்தில் இதைவிடப் பலன் தரும் பயிற்சி வேறில்லை என்பேன்.

உள்ளரங்கப் பந்தும் மணல் பந்தும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மணல் பந்தில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ, உள்ளரங்கப் பந்தில் 0.30க்கு மேல். கல்போல இறுகிய பந்தில் பழகினால் கைக்கணக்கு தப்பிவிடும்.

விரல் நுனியால் பந்தை மெல்லத் தள்ளிப் புள்ளி எடுப்பது இங்கே தவறு! விரல்களை மடக்கி, கணுக்களால் தட்டலாம். நண்பரை நெட் அருகே பந்தைத் தூக்கிப் போடச் சொல்லி, பின்மூலைக்குத் தட்டிப் பழகுங்கள்.

பிளாக்கில் கைபட்டாலும் அது முதல் தொடுதல். மிச்சம் 2தான். பிளாக் செய்து இறங்கியதும் திரும்பி ஓடி லிஃப்ட் கொடுப்பதைத் தனியாகவே பழக வேண்டும். மணலில் ஓட, கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்கிறது ஓர் ஆய்வு.

காற்று முகத்தில் அடிக்கும் பக்கம்தான் நல்ல பக்கம். ஓங்கி அடித்தாலும் பந்து கோட்டுக்குள் இறங்கும். முதல் இரண்டு செட்டில் 7 புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறுவதால், சர்வீஸை இரு முனையிலிருந்தும் பழகுவது அவசியம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் ஸ்வீடனின் டேவிட் ஓமான் – யோனத்தான் ஹெல்விக் ஜோடி, ஜெர்மனியை 21-10, 21-13 என்று வீழ்த்தியது. இரண்டாம் தொடுதலுக்கே எம்புவது இவர்கள் பாணி. லிஃப்டா, அடியா என்று பிளாக்கருக்குக் கடைசிவரை தெரியாது. இதைப் பார்த்துப் பழக ஆசைப்படலாம். ஆனால் பாஸ் நெட்டருகே சரியாக வந்தால்தான் நடக்கும்.

உள்ளரங்கம், மணல் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஒருவரே: அமெரிக்காவின் கார்ச் கிராலி (1984, 1988, 1996).

வெறுங்காலில் ஆடும் ஆட்டம் இது. இறங்குமுன் ஆடுகளத்தை ஒரு சுற்று நடந்து, கண்ணாடிச் சில்லையும் உடைந்த சிப்பியையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.