பாஸ்போர்ட் ஒரு நாடு, வேலை வேறு நாடா?

உங்கள் திருவொற்றியூர் வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பிரெஞ்சு குடிமகன், புதுச்சேரி வம்சாவளி. வேலை ஜெர்மனியில் என்று வைத்துக்கொள்வோம். ‘ஜெர்மன் மொழித் தேர்வு எழுதணும், பணம் கட்டுங்க’ என்று ஏஜென்ட் சொன்னால் அவசரப்படாதீங்க. சொந்த நாட்டை விட்டு வேறு ஒன்றிய நாட்டில் வேலை செய்பவரின் மனைவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 விதிதான் பொருந்தும்: தூதரக விசாக் கட்டணம் இல்லை, மொழித் தேர்வும் இல்லை. 3 மாதத்துக்கு மேல் தங்க குடியிருப்பு அட்டை; பொதுவாக 5 ஆண்டு செல்லும்.

அதே மாப்பிள்ளை பிரான்சிலேயே இருந்தால்? பிரெஞ்சுச் சட்டம்தான், நடைமுறையே வேறு. லண்டன் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது. பிரிட்டன் ஒன்றியத்தில் இல்லை.

வடிவுடையம்மன் கோயிலில் தாலி கட்டினாலும், 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்திடுங்க. விசாவுக்கு முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.