கோடை விடுமுறையில் தோட்டப் பயிற்சி

கோடை விடுமுறையை மாணாக்கர் கழிக்கும் வகை பலவாகும். உறங்கிக் கழிப்போரும் உளர். ஊர் சுற்றிக் கழிப்போரும் உளர். நான்கு வாரத்தில் தோட்டத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாமோ என்று நண்பர் பலர் வினவுகின்றமையின், அத்தகைய பயிற்சி ஒன்றிற் சேர்ந்து சித்திரை வெயிலிற் காய்ந்து வந்த நான், அறிந்தவற்றை இங்கு எழுதப் புகுந்தேன். தொழில் முழுவதையும் கற்றல் இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். செடிகள் நம் கால அட்டவணையைப் பார்த்து வளர்வன அல்ல.

விதை முதல் அறுவடை வரை நாங்கள் முழுமையாகக் கண்ட பயிர் முளைக்கீரை ஒன்றே. பாத்தியைக் கொத்தி, மக்கிய எருவிட்டு, நுண்ணிய விதையை மணலோடு கலந்து தூவிப் பூவாளியால் நீர் தெளித்தோம். மணல் கலவாது தூவியவர் பாத்தியில் ஓரிடம் நெருக்கமாயும் ஓரிடம் வெறுமையாயும் முளைத்தது. நான்காம் வாரத்திற் கீரையைப் பிடுங்கி விடுதிச் சமையலறைக்கு அனுப்பினோம். கத்தரி நாற்றோ, பறித்து நடும் பருவமடைய முப்பது நாளேனும் வேண்டுமாதலின், நாற்றங்காலில் நின்றபடியே எங்களை வழியனுப்பியது.

எருக் குவியலும் அவ்வாறே. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்பார் வகுத்த முறையைத் தழுவி, இலைதழையும் சாணமும் சாம்பல் கலந்த மண்ணும் அடுக்கடுக்காகப் பரப்பினோம். சில நாளில் குவியலினுள்ளே கைவைக்க இயலாத சூடு உண்டாயிற்று. இரண்டு வாரங் கழித்து முதல்முறை புரட்டினோம். அது நல்ல எருவாக மூன்று மாதம் செல்லும்.

இனி, என் செருக்கை அடக்கிய பாடத்திற்கு வருகின்றேன். அஃது விண்பதியம் என்பது. கொய்யா மரத்திற் பென்சிற் பருமனுள்ள கிளையைத் தெரிந்து, ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னைநார்த் தூளை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுவது முறை. இலைகள் ஆக்கும் உணவு பட்டையின் வழியே கீழிறங்குவது. பட்டையை உரித்துவிட்டால் அவ்வுணவு வளையத்தின் மேல்விளிம்பிலே தேங்கி, அங்கே வேர்கள் தோன்றும். நீரோ உட்கட்டையின் வழியே ஏறுவதாதலின் இலை வாடாது. முன்னாளிற் பாலித்தீன் இல்லை. களிமண்ணும் சாணமும் பிசைந்து கிளையிற் பொதிந்து சாக்குத் துணியாற் சுற்றி, மேலே ஒரு கலயத்தைத் தொங்கவிட்டு, அதன் அடித்துளையிற் செருகிய திரியின் வழியே துளித்துளியாக நீர் சொட்டச் செய்வார்களாம். உண்மையில் விண்பதியத்திற்கு உரிய காலம் மழைக்காலமே. கோடையில் ஈரம் காய்ந்தால் வேரில்லை.

தாவரநூல் மாணாக்கனாகிய எனக்கு இவையெல்லாம் தெரிந்தவையே என்று எண்ணியிருந்தேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கேம்பியம் என்னும் மெல்லிய படலத்தைத் தேர்வுத்தாளிற் பலமுறை வரைந்து மதிப்பெண்ணும் பெற்றவன் அல்லனோ! முதல் வாரத்தில் ஆறு கிளைகளிற் பதியம் கட்டினேன். எங்களுக்குக் கற்பித்த தோட்டக்காரப் பெரியவரும் பக்கத்து மரத்தில் ஆறு கட்டினார். ஆனி மாதத்தில் கல்லூரி திறந்தபின் சென்று அவிழ்த்துப் பார்த்தோம். அவருடைய ஆறும் வெண்மையான வேர்களோடு விளங்கின. என்னுடையவற்றில் வேர் கண்டவை இரண்டே. மற்ற நான்கிலும், நான் உரித்த இடத்திற் புதுப்பட்டை மூடியிருந்தது.

பெரியவர் அக்கிளையை விரலாற் தடவி, “தம்பி, பட்டையை உரித்தீர்கள், அதன் கீழிருந்த வழுவழுப்பைச் சுரண்டாமல் விட்டுவிட்டீர்கள். மரம் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொண்டது” என்றார். அந்த வழுவழுப்பே கேம்பியம்! புதுப்பட்டையை ஆக்குவது அதுவே என்று எழுதிய கை, அதனைத் தொட்டும் அறிந்திலது. கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டக் கட்டை உலர்ந்து சொரசொரப்பாகத் தோன்றும், அதுவரை சுரண்டவேண்டும்.

மாமரத்தில் நெருக்கு ஒட்டுக் கட்டும்போது இதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். தொட்டியிலுள்ள கன்றையும் தாய்மரக் கிளையையும் பக்கத்தே சீவி, இரண்டின் கேம்பியமும் ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்துக் கட்டுகிறோம். அங்கே அதனைச் சுரண்டினால் ஒட்டு ஒருபோதும் சேராது. ஒரு தொழிலிற் பகையாவது மற்றொன்றில் உயிராகின்றது. அவ்வொட்டும் கூடுதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும்.

ஆதலின் இத்தகைய பயிற்சியை நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். வகுப்பு முடிந்த அன்றே சான்றிதழைக் கொடுத்து அனுப்பாது, கல்லூரி திறந்தபின் ஒருநாள் மாணாக்கரை மீண்டும் அழைத்து, தாம் கட்டியவற்றைத் தாமே அவிழ்த்துப் பார்க்கச் செய்தல் வேண்டும். என்னோடு பயின்றவருட் பெரும்பாலார் தங்கள் பதியங்கள் பிழைத்தனவோ என்பதை இன்றும் அறியார். வரும் கோடையிற் சேர விரும்பும் நண்பர்கள் கூரிய பேனாக்கத்தி ஒன்று கொண்டு செல்க. விடுமுறை முடியுமளவும் பதியத்தின் ஈரத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்த் தோழர் ஒருவரையும் தேடிக்கொள்க.