எலுமிச்சை கிருமியைக் கொல்லுமா? தட்டில் கொல்லும்... உடம்புக்குள்?

போடிநாயக்கனூரைத் தாண்டி, முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறும் முன்பே பலர் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார்கள். வயிற்றைப் புரட்டினால், தோலை நகத்தால் கீறி மோந்து பார்ப்பதற்கு. மெட்டைத் தாண்டிவிட்டால் அதே பழத்துக்குப் பெயர் மாறிவிடும். மலையாளத்தில் அது 'நாரங்கா'. நம்ம ஊர் நாரத்தையும், அரபு மொழியின் 'நாரஞ்ச்'சும், ஆங்கிலத்தின் 'ஆரஞ்சு'ம் ஒரே சொல்லின் உறவுக்காரர்கள்தான்.

பெயர் மாறினாலும் நம்பிக்கை மாறுவதில்லை. "எலுமிச்சம்பழம் இருக்குல்ல, அது எந்தக் கிருமியையும் கொன்னுடும்" என்று மலையின் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். ஏலக்காய், மிளகு, இஞ்சி, வேம்பு, நிலவேம்பு என்று இந்தப் பட்டியல் நீளமானது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் போனால்தான் ஆபத்து. ஏனென்றால், விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதலில் வீட்டுக் கஷாயம்தான். அது எத்தனை நாள் வரைக்கும் என்பதுதான் கேள்வி.

எலுமிச்சையில் என்ன இருக்கிறது?

இரண்டு தனித்தனி ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்று சாறு. அதில் உள்ள சிட்ரிக் அமிலம்தான் புளிப்புக்குக் காரணம். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவில் சுத்தமான தண்ணீர் 7. எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை. இந்த அளவு கீழே போகப் போக அமிலம் அதிகம் என்று அர்த்தம். இவ்வளவு அமிலத்தில் பல பாக்டீரியாக்களால் பிழைத்திருக்க முடியாது.

இன்னொன்று தோல். நகத்தால் கீறியதும் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை எண்ணெயில் முக்கியமானது லிமோனீன். இது பழம் நமக்காகச் செய்துவைத்த மருந்து இல்லை. பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி தனக்காகச் செய்துகொண்ட காவல். ஏலக்காய், எலுமிச்சைப் புல், வேம்பு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதன்மேல் இந்தச் சாறையோ எண்ணெயையோ விட்டால் கிருமி சாகிறது. இது பல முறை பார்க்கப்பட்ட உண்மை. ஆனால் அதே தட்டில் வினிகரும் கொல்லும், சோப்புத் தண்ணீரும் கொல்லும். அதற்காக வினிகரை யாரும் நிமோனியாவுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே எந்த மூலிகையைப் பற்றி யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கிருமியை? எவ்வளவு போட்டால்? எந்த இடத்தில்?

சாப்பாட்டில் போட்டால் வேலை செய்கிறதா?

செய்கிறது. இதற்கு நல்ல சாட்சி மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டில் இருக்கிறது. 1990-களில் அங்கே காலரா பரவியபோது, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். சோற்றுக்கு ஊற்றும் குழம்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்திருந்தது. ஆய்வகத்திலும் சாறு கலந்த சோற்றில் காலராக் கிருமி வளரவில்லை. 2000-ம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. காலராக் கிருமிக்கு அமிலம் என்றால் ஆகாது என்பதுதான் சூட்சுமம்.

தண்ணீரிலும் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வெயிலில் ஆறு மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கும் முறை ஒன்று உண்டு. அதில் எலுமிச்சைச் சாறைச் சேர்த்தால், இ-கோலி பாக்டீரியா அரை மணி நேரத்திலேயே பெருமளவு குறைகிறது என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். ஆனால் வைரஸ்களிடம் இந்த முறை அவ்வளவாகப் பலிக்கவில்லை. அதோடு இதற்கு நல்ல வெயிலும் வேண்டும். பாதி நாள் மூடுபனி இறங்கும் போடிமெட்டில் இதை நம்ப முடியாது. அங்கே தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான் வழி.

நம் வீட்டு ஊறுகாயும் இதே அறிவுதான். உப்பும் அமிலமும் சேர்ந்தால் கெடுக்கிற கிருமிக்கு இடமில்லை. உப்பு போட்டுக் காயவைத்த நாரத்தை மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு வேறு மந்திரம் கிடையாது.

அப்போ, குடிச்சா உள்ளே இருக்கிற கிருமி சாகாதா?

சாகாது. காரணம் எளிமையானது. நம் வயிற்றில் சுரக்கும் அமிலமே எலுமிச்சைச் சாறு அளவுக்கோ, அதற்கு மேலோ வீரியமானது. அதில் ஒரு டம்ளர் ஜூஸ் போய்ச் சேர்வதால் புதிதாக ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தால், ரத்தம் தன் பி.எச். அளவை 7.35 முதல் 7.45-க்குள் பிடிவாதமாக வைத்துக்கொள்ளும். நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக அந்த வேலையைச் செய்கின்றன. எலுமிச்சை குடித்து ரத்தத்தை அமிலமாக்கவும் முடியாது, காரமாக்கவும் முடியாது.

'அப்படின்னா வைட்டமின் சி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயில் விழுந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் அங்கே செத்தது எந்தக் கிருமியும் இல்லை. உடம்பில் இல்லாமல் போயிருந்த ஒரு சத்து திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். எலுமிச்சைக் குடும்பம் செய்த மிகப் பெரிய வைத்தியத்துக்கும் கிருமிக்கும் சம்பந்தமே கிடையாது.

சளி விஷயத்தில் 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்வது இது: தினமும் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டாலும் பொதுவாக மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம், குழந்தைகளுக்குச் சுமார் 14 சதவீதம் சீக்கிரம் விட்டது. சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நம்பும்படியான பலன் தெரியவில்லை.

ஆனாலும் எலுமிச்சையை ஒதுக்க வேண்டாம். கீரை, பயறு போன்றவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கிய பிறகு அரை மூடி பிழிந்தால் ரத்தச்சோகை இருக்கிறவர்களுக்கு நல்லது. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் சத்து வீணாகும். 'அடுப்ப அணைச்சுட்டுப் பிழி' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரியான விஞ்ஞானம். சில வகைச் சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் எலுமிச்சையின் சிட்ரேட் துணை செய்யும் என்பதால் டாக்டர்களே பரிந்துரைப்பது உண்டு. வைட்டமின் சி-தான் குறி என்றால், நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையைவிடப் பல மடங்கு பணக்காரர்கள்.

ஏலக்காய் சொல்லும் பாடம்

'செடியில் கிருமிநாசினி இருக்கிறது' என்ற பேச்சின் எல்லையைப் பார்க்க ஏலத் தோட்டத்துக்கே போகலாம். ஏல விதையின் எண்ணெயில் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற இரண்டும் முக்கியமானவை. யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் அதே சினியோல்தான். ஆய்வகத் தட்டில் இந்த எண்ணெய் பல பாக்டீரியாக்களை அடக்குகிறது.

ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அதே ஏலச்செடிக்கு 'அழுகல்' நோய் வருகிறது. பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி காயையும் தண்டையும் அழுக வைக்கிறது. விதைக்குள் இத்தனை எண்ணெய் இருந்தும் காய் அழுகிப் போகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை விவசாயி தெளிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கிருமி, எவ்வளவு, எந்த இடம் என்ற அந்த மூன்று கேள்விகளுக்கும் செடியே பதில் சொல்கிறது.

மிளகு மாத்திரையான கதை

அப்படியென்றால் நாட்டு மூலிகை எதுவும் மருந்தாகாதா? ஆகும். ஏலத் தோட்ட நிழல் மரங்களில் ஏறும் மிளகுக் கொடியே உதாரணம். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், வேறு மருந்துகள் உடம்பில் அதிகமாகச் சேர உதவுகிறது. பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் குர்குமின் பல மடங்கு கூடியது. ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இந்தக் குணத்தை டி.பி. மருந்தில் சோதித்தது. ரிஃபாம்பிசின் மருந்தை 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராமும், கூடவே 10 மில்லிகிராம் பைப்பரினும் வைத்து ஒரு மாத்திரை 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இங்கே டி.பி. கிருமியைக் கொல்வது மிளகு இல்லை. கொல்லும் மருந்தை ரத்தத்தில் நிற்க வைப்பதுதான் மிளகின் வேலை. அதற்கும் பல ஆண்டுச் சோதனையும், மில்லிகிராம் கணக்கில் அளவும் தேவைப்பட்டது. மிளகு ரசத்துக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவில் இருக்கிற தூரம் அதுதான்.

காய்ச்சல் என்றால் எத்தனை நாள் பார்க்கலாம்?

மலையிலும் புதரிலும் வேலை செய்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய காய்ச்சல் ஒன்று உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ். புல், புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு என்று மறைவான இடத்தில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்கு உள்ளேயே போய்க் குடியிருக்கும். அங்கே எலுமிச்சையின் அமிலம் போகாது, கஷாயமும் போகாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் போகும். விலையும் குறைவு. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் சீக்கிரமே காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சலும் இப்படித்தான்.

கஷாயம் குடிக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சூடான கஷாயம் தொண்டைக்கு இதம், தண்ணீர்ச்சத்தும் சேரும். ஆனால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், கறுப்புப் பொருக்கு தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். 'நான் ஏலத் தோட்டத்துல வேலை பாக்குறேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பாதி நோயை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம்.

எங்கே கவனம் வேண்டும்?

கையில் சாறு பட்டபடி வெயிலில் நிற்காதீர்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள சில வேதிப்பொருட்களோடு வெயில் சேர்ந்தால், ஓரிரு நாளில் தீக்காயம் போலக் கொப்புளம் வரும். கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். எலுமிச்சை பறிப்பவர்களும் ஜூஸ் கடைக்காரர்களும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போவது நல்லது.

மூக்கிலும் கண்ணிலும் புண்ணிலும் சாறு விடவே கூடாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் போதும்' என்று ஒரு வீடியோ பரவியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று மத்திய அரசே மறுக்க வேண்டியிருந்தது.

எலுமிச்சையோடு தேன் கலந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி விதை, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை உடைக்கும் குடல் நொதி ஒன்றை இவை தடுப்பதால், ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறலாம்.

ஏலக்காயை மருந்தாக நினைப்பவர்கள் பூச்சிமருந்தையும் நினைக்க வேண்டும். 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகச் சொல்லி சபரிமலை அரவணைப் பாயச விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஏலச்செடிக்கு மருந்து அதிகம் அடிக்கிறார்கள் என்ற கவலை முடியவில்லை. அந்த மருந்தைத் தெளிக்கிற தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து.

சுருக்கமாக: எலுமிச்சையைச் சோற்றில் பிழியுங்கள், கீரையில் பிழியுங்கள், ஊறுகாய் போடுங்கள், மலை ஏறும்போது மோந்து பாருங்கள். காய்ச்சல் மூன்றாவது நாளும் அடித்தால் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.