பெட்ரோலுக்குள் பசை

விமானத்தைப் பற்றி எழுத வந்துவிட்டு மொபெட்டில் தொடங்குவதைப் பொறுத்தருள்க. எங்க அய்யா விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். அவர் வண்டியின் பெட்ரோல் டாங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தது. இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டும் எபாக்சி பசையை வாங்கி நான்தான் அடைத்தேன். "எம் புள்ள பாலிடெக்னிக்ல படிக்கான், மெக்கானிக்குக் காசு எதுக்கு?" என்று அய்யா டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்.

மூன்றாம் வாரம் பசை சவ்வுமிட்டாய் போல இளகிவிட்டது. மூட்டம் புகைந்துகொண்டிருக்க, பத்தடி தள்ளி நின்ற வண்டியில் பெட்ரோல் சொட்டியிருக்கிறது. வாடையை வைத்துக் கண்டுபிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாராம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இளகியது என்று தேடப்போனபோதுதான், இவ்வகைப் பசையாலேயே டாங்க் கட்டிய விமானங்கள் உண்டு என்று தெரிந்தது. அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி 1979-இல் முதன்முதலில் பறந்தது. வரைபடத்தை வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே பலர் இதைக் கட்டினார்கள். நம் நாட்டில் பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகமும் இந்த வடிவமைப்பில் ஓர் ஆராய்ச்சி விமானம் செய்து 1987-இல் பறக்கவிட்டது. நுரைப்பலகை மேல் கண்ணாடிநார்த் துணியை விரித்து எபாக்சி ஊற்றித் தேய்த்தால் அது இறுகி ஓடாகிறது. இறக்கை உடலோடு சேரும் பகுதிதான் டாங்க். தகரமோ ரப்பர் பையோ உள்ளே கிடையாது. இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 200 லிட்டர் பெட்ரோலைத் தாங்குவது பசையால் ஆன சுவரே.

இறக்கைக்குள் இருப்பதோ தெர்மாகோல் இனத்து நுரை. தெர்மாகோல் துண்டு ஒன்றைப் பெட்ரோலில் போட்டால் (பக்கத்தில் நெருப்பு கூடாது!) கண் முன்னேயே கரைந்துவிடும். அதனால் டாங்குப் பகுதிக்கு மட்டும் கரையாத வேறு நுரை வைக்கிறார்கள். மூலை ஒட்டில் விரிசல் விட்டுப் பெட்ரோல் இறக்கைக்குள் கசிந்தால், வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே பொந்து விழும்.

சரி, பசை எப்படிக் கெடுகிறது? வேம்பார் கரையில் காயும் மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து முடிச்சு முடிச்சாகப் பின்னிக்கொள்வதுதான் இறுகுதல். அளவு பிசகினால் முடிச்சு குறைந்து கண் பெரிதாகும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் மூலக்கூறு மிகச் சிறியது. அது கண்ணுக்குள் நுழைந்து வலையை உப்பவைக்கிறது. உப்பிய பசை மெத்தென்றாகிச் சூடு தாங்கும் சக்தியையும் இழக்கிறது. விமானம் கட்டுகிறவர்கள் ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலப்பதும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பயப்படுவதும் இதனால்தான். நானோ கண்ணளவில் பிசைந்தேன், துருவைச் சுரண்டவில்லை, ஒட்டிய அன்று சாயங்காலமே பெட்ரோல் ஊற்றினேன். பாதிக் குற்றம் என்னுடையது.

மீதிப் பாதி எத்தனாலுடையதாக இருக்கலாம். நம் நாட்டுப் பெட்ரோலில் அது 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்தது 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில் 2004 வாக்கில் நியூயார்க் பக்கம் 10 சதவீதம் கலந்தபோதே, பழைய படகுகளின் ஃபைபர் டாங்குகள் உள்ளே இளகின. கரைந்த ரெசின் எஞ்சின் வால்வுகளில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டது. அவை பாலியெஸ்டர் ரெசினால் ஆனவை. எபாக்சி அதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஒழுங்காக இறுகியிருந்தால்.

எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க விமானிகள் செய்யும் சோதனையை நம் லேபிலும் செய்யலாம். அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 50 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நான் செய்து பார்த்தபோது அடியில் நின்ற தண்ணீர் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. லேப் அண்ணன்கூட "அட, தண்ணி குட்டி போட்டிருக்குடா" என்றார்.

அய்யாவின் டாங்கைக் கழற்றிக் கழுவி, வாடை போகும்வரை தண்ணீர் நிரப்பி வைத்து, பிறகு கடையில் பித்தளைப் பற்று வைத்தோம். ஒழுகவில்லை. ஆனாலும் வண்டியை இப்போது மூட்டத்திலிருந்து ஐம்பதடி தள்ளித்தான் நிறுத்துகிறார். டாங்கை மட்டும் என்னைத் தொடவிடுவதில்லை.