தற்காப்பு என்றால் ஒதுங்கி நிற்பதா?

செஸ் பலகை ஒன்று வீட்டுக்கு வந்தால் அதை முதலில் யார் கையில் கொடுக்கிறோம்? கல்முனையிலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் கையில்தான். மகளைப் பார்த்து, "நீ கவனமா ஒதுங்கி இரு" என்கிறோம். போரைக் கண்ட தாய்மாரின் பயம் அது. அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒதுங்கி இருப்பது மட்டும்தான் தற்காப்பா?

ஹங்கேரி நாட்டின் ஜூடித் போல்கார் 1976 இல் பிறந்தார். அவருடைய இரண்டு பாட்டிமாரும் இரண்டாம் உலகப் போரில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பியவர்கள். வீட்டிலேயே பெற்றோரிடம் படித்த ஜூடித், 15 வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனார்.

1994 இல் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் நடந்த போட்டியொன்றில், லத்வியாவில் பிறந்த அலெக்சி ஷிரோவ் என்ற முன்னணி வீரரை அவர் சந்தித்தார். ஜூடித்துக்குக் கறுப்புக் காய்கள். அவர் ஆடியது 'சிசிலியன் தற்காப்பு'. வெள்ளை தன் ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், கறுப்பு அதற்கு நேரே வந்து மறிப்பதில்லை. ராணியின் பக்கத்தில், ஓரத்திலிருந்து மூன்றாவது சிப்பாயைத் தள்ளுகிறது. பெயர்தான் தற்காப்பு. பக்கத்திலிருந்து திருப்பித் தாக்குவதே அதன் வேலை.

ஷிரோவ் சிப்பாய்களை முன்னே அனுப்பி நெருக்கினார். பத்தாவது நகர்வில் ஜூடித் தன் சிப்பாய் ஒன்றை வேண்டுமென்றே பலி கொடுத்தார். அதை வெட்டப் போன வெள்ளைச் சிப்பாய் தன் காவலை விட்டு விலகியது. அந்தக் காவல் நீங்கிய நடுக் கட்டத்தில் ஜூடித்தின் குதிரை வந்து நின்றது. பதினான்காவது நகர்வில் மற்றக் குதிரையையும் வெட்டுக்குள் வைத்தார். அதை வெட்டினால் வெள்ளையின் ராணியே பறிபோகும்! பத்தொன்பதாவது நகர்வில் வெள்ளையின் மூலைக் கோட்டை விழுந்தது. 29 நகர்வுகளில் ஷிரோவ் தோல்வியை ஏற்றார்.

ஜூடித் கண்மூடித்தனமாகப் பாயவில்லை. எதை இழக்கலாம், அதனால் எது கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தே இழந்தார். 2004 இல் தாயானவர், 2005 இல் ஆண் பெண் அனைவருக்குமான தரவரிசையில் உலகின் எட்டாம் இடத்தில் நின்றார். சென்னையின் தமிழ்ப் பெண் வைஷாலியும் 2023 இல் கிராண்ட் மாஸ்டர் தகுதியை எட்டினார்.

சகோதரிகளே, அடுத்த முறை அந்தப் பலகையை விரிக்கும்போது மகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீங்களும் எதிரே உட்காருங்கள். தற்காத்துக் கொள்வது எப்படி என்பதை இருவரும் சேர்ந்தே பழகலாம்.