மலைக்கு ஏற்ற வண்டி எது?

டில்லியில் இருக்கும் நம் குடும்பங்கள் பல, விடுமுறைக்குக் குலு, மணாலி என்று காரிலேயே புறப்படுகின்றன. அதற்கென்று ஜீப் வகை வண்டி வாங்க நினைக்கும் அன்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: பிறகு மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்படிப்பட்டது கியர் அமைப்பு. 2023-இல் ஐந்து கதவு மாருதி ஜிம்னி எல்லா ரகத்திலும் நான்கு சக்கர இயக்கத்தோடும், 'லோ ரேஞ்ச்' கியரோடும் வந்தது. அதே ஆண்டு மஹிந்திரா தாரில், பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள மலிவு ரகமும் வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ரயிலானாலும் காரானாலும் மலையில் இறக்கமே சோதனை. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆட்டோமேட்டிக் வாங்கினாலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்கும் வசதி உண்டா என்று பாருங்கள்.

அடுத்தது டயர். பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு 'ஆல் டெரெய்ன்' டயரே போதும். சேற்று டயர் இரைச்சல் போடும். நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பும் குறைவு. டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

அலாய் சக்கரம், பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக் அப்படியல்ல, எந்த ரகத்தில் எத்தனை என்று கேட்டுக்கொண்டே முன்பணம் கட்டுங்கள்.